மகரக்கட்டும் மத்தியமமும்

அன்புள்ள நண்பா,

நான்கு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உன் கடைசிக் கடிதம் மேசை இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் மேலாகவே கிடந்தது. பேனாவை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது, எனக்கும் உறுத்தியது. இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் இப்போது எப்படியிருக்கிறது? மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதைக் கௌரவக் குறைவாக நினைக்காதே.

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கும் இன்று எழுதாமல் இருக்க முடியாததற்கும் காரணம் ஒன்றுதான்: எங்கள் பள்ளியின் இசை நாடகம். சேர்ந்திசைக் குழுவில் 34 பிள்ளைகள், வாத்தியக் குழுவில் 9 பேர், மேடையில் பேசி நடிக்கும் வேடங்கள் 11. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் மகனைப் பற்றிய கதை. வசனத்தையும் பாட்டையும் பிள்ளைகளும் நானும் சேர்ந்தே எழுதினோம். பிறர் எழுதிய இசை நாடகத்தை உரிமம் பெற்று நடத்தியிருந்தால் அனுமதியில்லாமல் சுருதியையோ சொல்லையோ மாற்ற முடியாது. நம்முடையதாக இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதை மேலே படித்தால் நீயே உணர்வாய்.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை ஒத்திகையில், மகன் வேடம் போடும் பையன் முதல் அங்கத்தின் கடைசிப் பாட்டைப் பாட எழுந்தான். விளக்கு அணைந்துவிட்டது, கடலில் இருக்கும் படகுகளுக்கு அவன் குரலே வழிகாட்ட வேண்டும். மோகன ராகம், ஐந்து கட்டைச் சுருதி. மூன்றாம் அடியில் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொட வேண்டிய இடத்தில் அவன் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி கீச்சென்று மேலே போயிற்று, மறு பாதி எங்கோ கீழே விழுந்தது. அவன் தொண்டையில் கை வைத்துக்கொண்டு, தவறு அங்கேதான் நடந்தது என்பதுபோல ஹார்மோனியத்தையே பார்த்தான். மீண்டும் தொடங்கினான், மீண்டும் அதே இடம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காலால் தாளம் போட்டே தரையைத் தேய்த்துவிடுவாள் என்று உனக்கு எழுதியிருந்தேனே, அந்தப் பெண் மட்டும் தாளத்தை நிறுத்தாமல் அவனுக்காகக் காத்திருந்தாள்.

மறுநாளே யோசனைகள் வந்து குவிந்தன. மேடையேற இருபத்தைந்து நாள்கூட இல்லை, தேர்வுகள் வேறு நெருங்குகின்றன, அரங்கம் வாரத்தில் இரண்டு மாலைகள்தான் கிடைக்கிறது, ஆகையால் குரல் உடையாத வேறொரு பையனை அந்த வேடத்தில் போட்டுவிடுங்கள் என்றார்கள். அந்த இன்னொரு பையன் தயாராகவே இருந்தான், பாட்டும் அவனுக்கு மனப்பாடம். இதைச் சொன்னவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் ஐந்து மாதமாக அந்த வேடத்துக்குள் வாழ்ந்த ஒரு குழந்தையை அவன் உடம்பு வளர்ந்ததற்காகத் தண்டிப்பது அவர்கள் யாருக்கும் தண்டனையாகத் தோன்றவில்லை என்பதுதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடாமல் செய்தது.

வளரும் பையனின் குரல் இப்படி உடைவதற்கு நம் பழைய நாடக மேடையில் மகரக்கட்டு என்று பெயர். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் சிறுவர்களை மட்டுமே கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார் என்பது உனக்குத் தெரியும். அதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளில் எட்டு, பத்து வயதுப் பையன்கள் ராஜபார்ட் என்ற கதாநாயக வேடமும் ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடமும் போட்டார்கள், இரவு முழுதும் பாடினார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசை வரை எட்டும் அந்த உச்சக் குரல்தான் அவர்களுடைய மூலதனம். மகரக்கட்டு வந்தவுடன் அது போயிற்று. நேற்றுவரை கதாநாயகனாக நின்றவன் பாட்டில்லாத சிறு வேடத்துக்கு இறங்கினான். சிலர் மேடையைவிட்டே போனார்கள். நூறு ஆண்டுகள் கழிந்த பின்பும் பள்ளிக்கூடங்களில் நாம் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோமா?

உண்மையில் நடப்பது மிகவும் எளிய விஷயம். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. சில மாதங்களில் ஆண் பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ‘ஸ’விலிருந்து கீழ் ‘ஸ’ வரையிலான தூரம், கீழே இறங்குகிறது. பெண் பிள்ளைகளின் குரலும் சற்று இறங்கத்தான் செய்கிறது, ஆனால் அதை யாரும் கவனிப்பதில்லை. ஜான் குக்ஸி என்ற அமெரிக்க இசையாசிரியர் 1970-களில் இந்த மாற்றத்தைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். மாறிக்கொண்டிருக்கும் குரலுக்கு வீச்சு மிகவும் குறுகிவிடுகிறது, சில சுரங்களுக்குள்தான் அது வசதியாக நடமாடும். அந்தச் சுரங்களுக்குள் வைத்துப் பாடச் செய்தால் பையன் பாடிக்கொண்டே வளரலாம். வாயை மூடச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் எனக்கு உன் நினைவு வந்தது. உன்னிடம் நாற்பது ஆண்டுகளாகப் பேசாத ஒன்றைப் பேசுகிறேன், பொறுத்துக்கொள். அன்று இரண்டாம் வரிசையில் உன்னை நிறுத்தி, "நீ உதட்டை மட்டும் அசைத்தால் போதும்" என்று சொன்னார்கள். நீயும் நிகழ்ச்சி முழுவதும் உதட்டை மட்டுமே அசைத்தாய். நீ பாட வேண்டியிருந்த பாட்டை நான் பாடினேன். கைதட்டல் எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு நீ பாடி நான் கேட்டதேயில்லை. உன் திருமணத்திலும் சரி, குழந்தைகளைத் தூங்க வைக்கும்போதும் சரி, மெலிதாகச் சீட்டியடித்தாயே தவிர ஒரு சொல் பாடவில்லை. உன்னைவிட நன்றாக நான் அந்தப் பாட்டைப் பாடவில்லை என்பது அன்றே எனக்குத் தெரியும். அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, பையனிடம் வருகிறேன். சனிக்கிழமை மாலை அவனைத் தனியே உட்காரவைத்து, எந்தச் சுரம் தடங்கலின்றி வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். சுருதியை இரண்டு கட்டைக்குத் தாழ்த்தியதும் ஷட்ஜம் முதல் தைவதம் வரை, அதாவது ‘ஸ’ முதல் ‘த’ வரை சுத்தமாக வந்தது. அதற்கு மேலே போனால் பிளந்தது. ஆனால் சேர்ந்திசைக் குழு ஐந்து கட்டையில் பழகியிருக்கிறது. பெண் பிள்ளைகளை இரண்டு கட்டைக்கு இறக்கினால் பாதிப் பாட்டு அவர்கள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். ஒரே பாட்டில் இரண்டு சுருதி எப்படி நிற்கும் என்று இரவு வெகுநேரம் ஹார்மோனியத்தோடு போராடினேன். பிறகுதான் விரலுக்கு அடியிலேயே விடை இருந்தது தெரிந்தது. இரண்டு கட்டையின் மத்தியமமான ‘ம’தான் ஐந்து கட்டையின் ஷட்ஜமான ‘ஸ’! இரண்டு கட்டையில் அவன் சுத்த சாவேரி ராகம் பாடினால் ஸ, ரி, ம, ப, த என்ற ஐந்து சுரங்களும், ஐந்து கட்டையில் குழு பாடும் மோகனத்தின் ப, த, ஸ, ரி, க ஆகிவிடுகின்றன. ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஷட்ஜமாக வைத்தால் இன்னொரு ராகம் பிறப்பதைக் கிரக பேதம் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அது ஒரு குழந்தையின் வேடத்தைக் காப்பாற்றும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வாத்தியக் குழுவின் சுரக்குறிப்புத் தாளில் தனிப்பாட்டுக்கு மட்டும் ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டியிருந்தது. குழு பாடும் பகுதியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

இப்போது அவன் இருட்டில் நின்று தாழ்ந்த குரலில் படகுகளை அழைக்கிறான். கடைசி அடியில் மத்தியமத்தில் நிற்கிறான், மூச்சு முடியும்வரை. அந்தச் சுரத்தையே தங்கள் ஷட்ஜமாகப் பிடித்துக்கொண்டு மேடையின் இரு பக்கங்களிலிருந்தும் 34 பேரும் மோகனத்தில் பதில் சொல்கிறார்கள். முதல் தடவை பாடி முடித்ததும் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நாடகத்துக்கு முன்னால் குரல் இன்னும் இறங்கிவிட்டால் என்ன செய்வது?" இறங்கினால் பாட்டும் கூட இறங்கும் என்றேன். அதன்படியே ஒன்றரைக் கட்டைக்கும் ஒரு கட்டைக்கும் தாள்கள் எழுதி வைத்துவிட்டேன். அப்போது குழுவும் அவனோடு அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறங்க வேண்டியிருக்கும். அதையும் அவர்கள் பாடிப் பழகிவிட்டார்கள்.

ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னும் மூன்று பையன்கள் மறுநாள் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கும் குரல் உடைந்துகொண்டிருக்கிறது; இத்தனை நாளும் வெறுமனே வாயசைத்துக்கொண்டு நின்றார்களாம், நான் கவனிக்கவேயில்லை. எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று ஒவ்வொரு வாரமும் எண்ணிய எனக்கு அது பெரிய அடி. அவர்களுக்காகக் கீழ் ஷட்ஜத்தில் ஒரு தனி வரி எழுதியிருக்கிறேன். இருள் விலகும் காட்சியில் அவர்கள் அலையாக நிற்பார்கள்.

அந்த வரிக்கு அடித்தளமாக ஒரு முதிர்ந்த குரல் இருந்தால் பையன்களுக்குத் துணிச்சல் வரும். இறுதி ஒத்திகை வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. மேடைக்குப் பின்னால், திரைக்குள், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன், முழங்காலுக்குச் சிரமமில்லை. எட்டுச் சொல் மட்டுமே உள்ள வரி அது; சுரக்குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். வருகிறாயா என்பதைப் புதன்கிழமைக்குள் எழுது.

அன்புடன்,
உன் முதல் வரிசைத் தோழன்