சோலை நாற்றங்கால் நண்பர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களே,

மூன்று வருடங்களுக்கு முன் உங்களிடம் மலையின் சோலைக்காட்டு மர நாற்றுகள் பன்னிரண்டு வாங்கிவந்து, கோத்தகிரியில் என் வீட்டுச் சரிவில் நட்டேன். பதினொன்று பிழைத்திருக்கின்றன. அவற்றில் நான்கு என்ன மரம் என்று எனக்கும் தெரியவில்லை, நேரில் வந்து பார்த்த உங்களுக்கும் தெரியவில்லை. மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டைகள் மட்டும் வெறுமையாகத் தொங்குகின்றன.

மழைமேல் பழி போடாதீர்கள். எழுத்தைத் தின்றது வெயில். மலையில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமையானது; மார்க்கர் மையின் சாயம் அதில் வெளுத்துவிடும். பேனாவின் மேல் 'அழியாத மை' என்று அச்சிட்டிருப்பது அலமாரிக்குள் இருக்கும்வரைதான் உண்மை.

நாற்றுப் பைக்குப் பென்சிலே போதும். பென்சில் முனை கரி. வெயிலில் வெளுக்காது, நீரில் கரையாது. பிளாஸ்டிக் பட்டையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு எழுதுங்கள். ஆனால் பிளாஸ்டிக்கே சில வருடங்களில் நொறுங்கிவிடும். நட்ட மரத்துக்கு அலுமினியம்தான் சரி. காலிக் குளிர்பான டின்னைக் கத்தரித்து, கையைக் கிழிக்கும் விளிம்புகளை மடித்து, பழைய செய்தித்தாள் அடுக்கின்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். எழுத்து தகட்டிலேயே பள்ளமாகப் பதியும். பாசி படர்ந்தாலும் கட்டைவிரலால் துடைத்துப் படிக்கலாம்.

செம்புக் கம்பியில் கட்ட வேண்டாம். அழகுக்காக நான் கட்டினேன். ஈரத்தில் செம்பு பட்ட இடத்தில் அலுமினியம் அரித்து, தகடு கழன்று விழுந்தது. அலுமினியக் கம்பியே நல்லது. அதையும் தண்டில் சுற்றாதீர்கள், பருக்கும்போது மரப்பட்டைக்குள் புதைந்துவிடும். பக்கத்தில் ஊன்றிய குச்சியில் கட்டுங்கள். மின்னுவதைக் குரங்குகள் பிடுங்கும் என்பதால், இன்னொரு தகட்டை வேரோரம் புதைத்துவையுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். இலவங்கப்பட்டை இனத்தை இலையைக் கசக்கி முகர்ந்தாவது கண்டுபிடித்துவிடலாம். நாவல் இனங்களைப் பூக்காமல் பிரித்தறிவது பெரும்பாடு. குறிஞ்சியோ இன்னும் மோசம்: நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான் பூக்கும். அதன் உறவுச் செடிகளுக்கு வேறு வேறு கணக்கு. அதுவரை அது யாரென்று சொல்லத் தகட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. பெயரோடு விதை எடுத்த சோலையையும் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். சேர்த்து வைத்த டின்கள் நாற்பது இருக்கின்றன, கத்தரி உங்களுடையது.

அந்த நான்கு மரங்களின் சொந்தக்காரர்