பொன்னாடை போதும், கதையை வாசிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலக்கியக் கூட்டங்களுக்கு இளைஞர்கள் வருவதே இல்லை, எல்லாரும் செல்போனில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். வருத்தம் நியாயம்தான், ஆனால் பழியை ஆள் மாற்றிப் போட்டுவிட்டார். வருகிறார்கள் சார். ஒரு தடவை வருகிறார்கள், அடுத்த மாதம் வருவதில்லை. ஏன் என்று யாரும் போன் போட்டுக்கூடக் கேட்பதில்லை.

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் நடக்கிற மாதக் கூட்டங்களுக்குப் பல வருடமாகப் போய் வருகிறவன் நான். பெரிய எழுத்தாளன் எல்லாம் இல்லை, நாலைந்து கதை அச்சில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த அமைப்பின் அழைப்பிதழை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை (இதற்கே நாலு பேர்), நூல் அறிமுகம், சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. நடுநடுவே பொன்னாடை. இன்றைக்கு இவர் தோளில் விழுந்த பொன்னாடை ரெண்டு மாதம் கழித்து இன்னொருவர் தோளில் விழுவதையும் பார்த்திருக்கிறேன், அது ஊர் சுற்றி வருகிற பொன்னாடை. இத்தனைக்கும் கீழே, பொடி எழுத்தில், 'படைப்பரங்கம்' என்று ஒரு வரி இருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் கதை, கவிதையை வாசிக்க ஒதுக்கிய இடம் அதுதான். ஐந்தரைக்கு என்று போட்ட கூட்டம் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்து ஆறேகாலுக்குத் தொடங்கினால், அந்த வரிக்கு வரும்போது எட்டு மணி ஆகிவிடும். மண்டபத்துக்காரர் பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு லைட்டாக அணைத்துக்கொண்டு வருவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது.

இப்படி ஒரு கூட்டத்தில்தான் முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி, பீடி சுற்றுகிற தன் ஆச்சியைப் பற்றி எழுதிய கதையை வாசிக்க எழுந்தார். 'சுருக்கமா முடிச்சிருங்கம்மா, நேரமாச்சு' என்றார் தொகுப்பாளர். அந்தப் பெண் மூன்றாவது பக்கத்திலிருந்து நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவினார். கை தட்டினார்கள். 'நல்லா இருந்துச்சு, தொடர்ந்து எழுதுங்க' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அதிலும் பெயரில் எழுத்துப்பிழை. கடைசி பஸ்ஸுக்கு அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பெண்ணை அந்தக் கூட்டத்தில் நான் பார்க்கவில்லை.

ஆனால் அதே கதையை வேறொரு இடத்தில் கேட்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மேடை, மைக் எதுவும் கிடையாது, ஒரு நண்பர் வீட்டு மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துப் பன்னிரண்டு பேர். கதையை நாலு நாள் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் முழுக்க வாசித்தார். மற்றவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் எழுதியவர் பதில் சொல்லக் கூடாது என்பது அங்கே இருக்கிற ஒரே சட்டம். நடை, உத்தி என்று ரெண்டு பேர் பேசினார்கள். அப்புறம் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, 'உங்க ஆச்சி காலைல உக்காந்ததும் இலையை வெட்டுறாங்களே, முந்தின நாளே நனைச்சு வைக்க வேண்டாமா? காஞ்ச இலைய வெட்டுனா நொறுங்கிப் போகும்லா' என்று கேட்டார். அவரும் பீடி சுற்றியவர். கூடவே இன்னொன்றும் சொன்னார்: சுற்றிக் கொண்டுபோன பீடியில் கடைக்காரர் கழிவு என்று ஒதுக்கித் தள்ளுகிற இடம் கதையில் இல்லையே, ஆச்சியின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. அந்தப் பெண் நோட்டில் மடமடவென்று குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் திருத்தி எழுதி எடுத்துக்கொண்டு வந்தார், கதை வேறு கதையாகியிருந்தது. நாலு வாழ்த்துரையும் ஒரு சிறப்புரையும் சேர்ந்து கொடுக்காததை அந்த அம்மா ரெண்டு கேள்வியில் கொடுத்துவிட்டார்.

இது ஒன்றும் புதுசாக நான் கண்டுபிடித்தது இல்லை. இந்த ஊருக்கே அந்த வழக்கம் உண்டு. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் நடந்த வட்டத்தொட்டி என்கிற இலக்கியக் கூட்டத்தில் யாருக்கு என்ன பொன்னாடை போட்டார்கள்? கம்பனில் ஒரு பாட்டை எடுத்தால் அதிலேயே ஊறிக் கிடந்தார்கள் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி வீட்டில் 'காகங்கள்' கூட்டம் நடந்தது, எழுதியதை வாசிப்பதும் அதைப் பற்றி விவாதிப்பதும்தான் அங்கே வேலை. சென்னையில் 1970-ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பேச வருகிறவர் படித்துவிட்டு வந்தே ஆக வேண்டும், தப்பிக்க முடியாது. நம் மேடைகளில் நூல் அறிமுகம் செய்கிறவர் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வருவது நமக்குத் தெரியாதா என்ன?

விமர்சகர் தி.க.சி. அய்யா கூட்டம் போட்டுத்தானா இளைஞர்களை வளர்த்தார்? திருநெல்வேலி டவுன் சுடலைமாடன் கோவில் தெருவில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ ஒரு சிற்றிதழில் வந்த முதல் கதைக்கு அஞ்சலட்டை போடுவார். 2014-ல் அவர் மறைந்தபோது அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் தமிழ்நாடு பூராவும் இருந்தார்கள். எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் அப்படித்தான் சளைக்காமல் கடிதம் எழுதுவார். தன் கதையை ஒருவர் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும், எழுதுகிறவன் மறுபடியும் எழுதுவான்.

பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பேச்சு என்றால் எத்தனை மணி நேரமும் கேட்கலாம். ஆனால் எழுத்தாளரைக் கூப்பிட்டுவிட்டு 'சங்க இலக்கியம் முதல் இன்று வரை' என்று தலைப்புக் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்? உங்கள் கதையில் இந்த ஒரு அத்தியாயத்தை ஏன் எடுத்துவிட்டீர்கள், முதல் வரியை எத்தனை தடவை மாற்றினீர்கள், அடித்தல் திருத்தலோடு அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்க ஆள் இல்லாமலா போகும்? 2022 நவம்பரில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தபோது கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்களே, அவர்கள் எல்லாரும் இந்த ஊரில்தானே இருக்கிறார்கள்.

இடம் பிரச்சினை என்பார்கள். மண்டப வாடகைக்கு நன்கொடை, நன்கொடை கொடுத்தவருக்கு முன்னிலை, முன்னிலை வகித்தவருக்குப் பொன்னாடை, இப்படித்தான் நிகழ்ச்சி நிரல் நீளுகிறது. நாம் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்ந்து போகிறது. சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் வந்ததும் நம் சென்னை மாகாணத்தில்தான், 1948-ல். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது, சில இடங்களில் பெயரளவுக்கு. ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்துதான் இருக்கும். காலை பத்து மணிக்கு ஒரு ஓரத்தில் பதினைந்து நாற்காலி போட்டுக்கொள்ள அனுமதித்தால் போதும். பகலில் நடந்தால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து வருகிற பெண் பிள்ளைகள் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேரலாம். ராத்திரி எட்டரைக்குக் கூட்டத்தை முடித்துவிட்டு, பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்கிற அண்ணாச்சிமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் தலைமை யார், முன்னிலை யார், சிறப்புரை யார் என்றுதான் போடுகிறீர்கள். அமைப்புகள் அப்படித்தான் எழுதி அனுப்புகின்றன என்பது தெரியும். இனிமேல் அனுப்புகிறவர்களிடம், அன்றைக்குக் கதை வாசிக்கப்போவது யார், கதையின் தலைப்பு என்ன என்று கேட்டு அதை முதல் வரியில் போடுங்கள். இடம் போதாவிட்டால் முன்னிலையை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பாளையங்கோட்டை.