விலக்கப்படுவோர் பட்டியலில் ஒரு வரி: ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டின் மருத்துவ, செவிலியர், இயன்முறை மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வு நெறிமுறைக் குழுக்களில் இடம்பெற்றிருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் இந்திய சைகைமொழிபெயர்ப்பாளர். காது கேளாதோருடன் மருத்துவமனைகளுக்குச் செல்வது என் வேலையின் பெரும்பகுதி என்பதால், முதுநிலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்கள் சிலவற்றைப் படிக்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றில், யாரை ஆய்வில் சேர்க்க மாட்டார்கள் என்று பட்டியலிடும் 'விலக்கப்படுவோர்' என்ற தலைப்பின்கீழ் 'காது கேளாதோர், வாய் பேச இயலாதோர்' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். செவித்திறனை அளக்கும் ஆய்வில் அதற்குக் காரணம் இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் பாதங்களைப் பராமரிக்கும் விதம் பற்றிய ஆய்வில் என்ன காரணம் இருக்க முடியும்? முந்தைய ஆண்டு ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதியது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறையுடையோர் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதன் 6ஆம் பிரிவு விதிப்பவை நிபந்தனைகளே: அவரவர்க்கு எட்டும் தொடர்புமுறையில் விளக்கிச் சுதந்திரமான ஒப்புதல் பெற வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுடைய பதிவுபெற்ற சங்கத்தினராகவோ இருக்கும் ஒரு குழுவின் முன் அனுமதியும் வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு அஞ்சி ஒரே வரியில் விலக்கிவிடுவது மாணவருக்கு எளிது.

விலக்காமல் சேர்த்துக்கொண்ட ஓர் ஆய்விலும் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் போய்ச் சேர்வதற்குள், தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் நான்கு பக்கத் தமிழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எதற்குக் கையெழுத்திட்டீர்கள் என்று கேட்டபோது, மாத்திரை வாங்குவதற்கு என்று அவர் சைகையில் சொன்னார். அந்த மாணவரை நான் குறைசொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் பிறந்தவருக்குத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் போதும் என்று நம்பாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிறவியிலேயே காது கேளாத பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. சைகைமொழிக்கு வேறு இலக்கணம்: வினாச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும், வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையைக் கை நகரும் திசை செய்யும், கேள்வியா இல்லையா என்பதைப் புருவம் சொல்லும். முகக்கவசம் அணிந்து நிற்கும் மருத்துவரின் முகத்தில் அவர்கள் இழப்பது எவ்வளவு என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வினாத்தாள்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் 9 கேள்விகள் கொண்ட வினாத்தாளில், பிறர் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக அசைகிறீர்களா, பேசுகிறீர்களா என்று ஒரு கேள்வி வருகிறது. குரலால் பேசாத ஒருவரிடம் அதை எப்படிக் கேட்பது? சைகையின் வேகம் என்று நான் மாற்றிச் சொன்னால் கேள்வியே மாறிவிட்டதா என்பதை முடிவுசெய்ய எனக்கு என்ன தகுதி? நோய் இருக்கிறது என்று பொருள்படும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டும் யாரோ ஒருவர், பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்திருக்கிறது என்று நோயாளியை நம்பவைத்துவிட முடியும். மாணவரின் அட்டவணையிலோ இப்படித் தவறாகப் புரிந்துகொண்டு சொன்னதும் பதிலாகப் பதிவாகி, சதவீதமாகவும் மாறிவிடும்.

அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 2008இல் காது கேளாதோரிடையே ஒரு நலக் கணக்கெடுப்பு நடந்தது. கேள்விகளைச் சைகைமொழியில் படம்பிடித்து, தொடுதிரைக் கணினியில் வைத்து, அவரவரே பதில் தரும்படி செய்தார்கள். உடற்பருமன், தற்கொலை முயற்சி, வாழ்க்கைத் துணையின் வன்முறை ஆகியவை அவர்களிடையே கூடுதலாக இருந்தது அதில் தெரியவந்தது. கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்க்கச் சொல்லி அருகில் உட்காரவைத்திருந்தால் இந்தக் கடைசி விவரம் வெளியே வந்திருக்குமா?

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை: ஒப்புதல் விளக்கம் சைகைமொழிக் காணொளியாக இருக்கட்டும், அதை இன்னொரு மொழிபெயர்ப்பாளர் தமிழுக்குத் திருப்பிப் பெயர்க்கட்டும், காது கேளாத ஒருவரே அதைப் பார்த்துத் திருத்தட்டும். மொழிபெயர்ப்பாளரின் ஊதியம் செலவுத் திட்டத்திலும், அவருடைய தகுதி ஆய்வுமுறை அத்தியாயத்திலும் இடம்பெறட்டும்.

2015இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. ஆனால் மொழிபெயர்ப்புப் பணியே ஆய்வுப் பொருளாவது நம்மிடம் அரிது. 'எனக்குப் புற்றுநோய்' என்று நோயாளியின் குரலாகத் தன்னிலையில் சொல்லிவிட்டு வீடு திரும்பும் மொழிபெயர்ப்பாளரின் மனச்சுமையை சைகைமொழிபெயர்ப்பு ஆய்வாளர்களான ராபின் டீன், ராபர்ட் பொல்லார்ட் இருவரும் 2001இல் முன்வைத்த, பணி தரும் அழுத்தங்களையும் அவற்றைச் சமாளிக்க மொழிபெயர்ப்பாளரிடம் உள்ள வழிகளையும் சேர்த்துப் பார்க்கும் சட்டகத்தின் வழியே ஆராயலாம். செவிலியர் மாணவரும் சைகைமொழிபெயர்ப்பு மாணவரும் இணைந்து ஒரே ஆய்வேட்டை எழுத உங்கள் விதிகளில் இடம் உண்டா என்று பார்க்க வேண்டுகிறேன்.

உடனே செய்யக்கூடியது ஒன்று. விண்ணப்பப் படிவத்தில் 'விலக்கப்படுவோர்' என்ற கட்டத்தின் பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு கட்டம் சேருங்கள். அது காலியாக வந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு சைகைமொழிபெயர்ப்பாளர்