அரசு சட்டக் கல்லூரி மாணவர்களின் நூல், பயிற்சிச் செலவுகளை அரசு ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சட்டக் கல்லூரி மாணவி ஒருவரின் தந்தை, ஊர்ப்புற நூலகர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
சட்டக் கல்வி இயக்குநர் அவர்கள், சென்னை.

பொருள்: ஐந்தாண்டு சட்டப் படிப்பில் கல்விக் கட்டணம் நீங்கலான செலவுகளுக்கு உதவி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் மகள் அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகச் சேர்ந்தவள் என்பதால் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வருகிறது. இதற்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. 69 விழுக்காடு இடஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளைச் சட்ட வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டன. ஆனால் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டும் தாக்குப்பிடிப்பது கட்டணத்தில் சேராத செலவுகளைப் பொறுத்தே இருக்கிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

முதலாவது, நூல்கள். 01.07.2024 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அதுவரை மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறி வந்த புத்தகங்களை வைத்தே ஏழைப் பிள்ளைகள் படித்துவந்தார்கள். கொலைக்கான தண்டனை 302ஆம் பிரிவு என்று அச்சிட்ட நூல்தான் எங்கள் நூலக அலமாரியில் இன்னமும் இருக்கிறது. புதிய சட்டத்தில் அது 103ஆம் பிரிவு. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டப்படியே விசாரிக்கப்படுவதால் மாணவருக்கு இரண்டும் தேவைப்படுகின்றன. விளக்கவுரையோடு கூடிய நூல்களை விலை கொடுத்து வாங்க முடியாமல் பக்கம் பக்கமாக நகலெடுத்துக் கட்டிவைத்துப் படிக்கும் பிள்ளைகளை நான் நேரில் பார்க்கிறேன்.

இரண்டாவது, பயிற்சி. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் (பார் கவுன்சில்) 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம் உள்ளகப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) முடிக்க வேண்டும். சென்ற விடுமுறையில் விடுதி மூடியிருந்ததால், என் மகள் ஊரிலிருந்து உசிலம்பட்டி, அங்கிருந்து ஆரப்பாளையம், பிறகு மாட்டுத்தாவணி வழியாக ஒத்தக்கடை அருகேயுள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குத் தினமும் போய்வந்தாள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துக்கு மட்டுமே. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் புறநகர்ப் பேருந்தில் வரக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். ஆண் மாணவர்களுக்கு அந்தக் கட்டணமில்லாப் பயணமும் கிடையாது. மதுரையிலேயே வீடுள்ள மாணவருக்குப் பொருட்டே இல்லாத இந்தச் செலவு, கூலி வேலை செய்யும் வீட்டில் ஒரு வேளை அரிசியைத் தொடுகிறது.

வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 30.07.2024 அன்று தீர்ப்பளித்தது. அதிகக் கட்டணம் விளிம்புநிலை மக்களைத் தொழிலுக்குள் வரவிடாமல் தடுப்பதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. படித்து முடித்து வாசலில் நிற்பவருக்குக் காட்டப்படும் இந்த நியாயம், படித்துக்கொண்டிருப்பவருக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, ஒவ்வொரு அரசு சட்டக் கல்லூரியிலும் நூல் வங்கி அமைத்து, புதிய, பழைய சட்ட நூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிப்புக் காலம் முழுவதற்கும் மாணவருக்கு இரவல் தரவும், பயிற்சி வாரங்களில் விடுதியைத் திறந்து வைக்கவும், விடுதியில் தங்காதோருக்கு நீதிமன்றம் வரை செல்லும் பயண அட்டை வழங்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலும், சேர்ந்தவர் எத்தனை பேர், பட்டம் பெற்றவர் எத்தனை பேர் என்பதை இடஒதுக்கீட்டுப் பிரிவு, பாலினம், அரசுப் பள்ளி, முதல் தலைமுறைப் பட்டதாரி வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டுகிறேன். இடையில் நின்றவர்கள் யார் என்று தெரிந்தால்தான் உதவி அவர்களைச் சென்றடையும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மாணவியின் தந்தை)

இடம்: உசிலம்பட்டி