தைப்பூசத்தன்று கேட்ட கேள்வி

தம்பி,

சுகர்ஸை, அந்த மலிவு ஹெராயின் கலவையை, நீ விட்டு நாளையோடு ஒரு வருஷம். எப்படி விட்டாய், யார் யார் வாசலில் நின்றாய் என்பதை எழுதப் போவதில்லை. நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள்.

அந்தத் தைப்பூசம்தான் மனசை அறுக்கிறது. காவடியோடு பத்தடி போகாமல் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாய். ஜனம் பார்க்க, "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றேன். தப்புதான். ஆனால் விரதம் என்று எங்களிடம் சொல்லிவிட்டு விடியற்காலையில் புகைத்துவிட்டு வந்தவன் நீ.

மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். ஹெராயின் மூளையின் அடியில் ஹார்மோன்களை ஆளும் ஹைப்போதலாமஸை அடக்கும். அங்கிருந்து விட்டுவிட்டு வரவேண்டிய ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் குறைந்தால், அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் எல்ஹெச் என்ற ஹார்மோன் குறையும். எல்ஹெச் இல்லாமல் விரைக்கு வேலை சொல்ல ஆளில்லை, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடும். ஆசை போகும், சதை கரையும், எலும்பு மெலியும், எழுந்திருக்கவே அலுப்பாக இருக்கும். இதற்குத்தான் வீட்டில் எல்லோரும் 'சோம்பேறி' என்று பெயர் வைத்தோம்.

விட்டால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீளும். உனக்கு மீளாததற்கு, சுகர்ஸுக்குப் பதிலாக நீ குடிக்கிற மெதடோன் மருந்து காரணமாக இருக்கலாம். அதுவும் ஹெராயின் இனம்தான். அதற்காக நீயாக நிறுத்திவிடாதே. நிறுத்தியபின் ஒருமுறை வழுக்கினாலும், பழைய அளவை உடம்பு தாங்காது, உயிர் போகும். அதே வேலைக்கான இன்னொரு மருந்தான புப்ரெனார்ஃபினுக்கு மாறலாமா என்று டாக்டரைக் கேள். அது டெஸ்டோஸ்டிரோனை அவ்வளவாக அடக்குவதில்லை. சனிக்கிழமை கேனும் (கரும்புச் சாராயம்) கோக்கக்கோலாவும் வேறு கணக்கு: சாராயம் விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லைடிக் செல்களையே நேராகத் தாக்கும்.

அப்புறம் அந்த ஜிம் ஊசி. கேள்விப்பட்டதிலிருந்து கோபம் ஆறவில்லையடா. குழந்தைக்கு ஏங்குகிறவன் செய்கிற வேலையா அது? (அவளைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.) டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்தால் மூளை எல்ஹெச்சையும், விந்தணு உருவாக உதவும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனையும் அடக்கிவிடும். தோள் பருக்கும், விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். ரத்தமும் கெட்டியாகும்; ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து. நிறுத்தினாலும் மீள மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல்.

ஊசி உடம்பில் இருக்கும்வரை ரத்தத்தில் வரும் எண் பொய். அது வடிந்தபின் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாள் மொத்த டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும். கூடவே எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின் (பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோன்). டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 8 நானோமோலுக்குக் கீழே என்றால் குறைவு. 8 முதல் 12 வரை இழுபறி. எல்ஹெச்சும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் கோளாறு விரையில் இல்லை, மேலே மூளைப் பக்கம். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் பிடிக்கும். ஊசியை நிறுத்தி மூன்று மாதம் போகாமல் விந்துப் பரிசோதனைக்கு அலையாதே.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் காரோடு வாசலில் நிற்பேன். அந்த ஊசிமருந்துக் குப்பியையும் எடுத்து வா. எத்தனை ஊசி என்று டாக்டரிடம் நீயே சொல். நான் வெளியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன்