மினி கேசட்டுக்கு மஞ்சள் வயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2000-ஐ ஒட்டிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நம் ஊர்களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என எத்தனையோ விசேஷங்கள் மினி டிவி (Mini DV) எனப்படும் சின்ன டிஜிட்டல் கேசட்டில் பதிவாகி, இன்று பீரோவிலும் பரணிலும் கிடக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் புதிதாக எடிட் செய்து தரச் சொல்லிப் பலர் கடைகளுக்கு வருகிறார்கள். பல இடங்களில் நடப்பது இதுதான்: கேமராவின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை விரல் நீள யுஎஸ்பி கருவி ஒன்றில் செருகி, கேசட்டை ஓடவிட்டு, நேராக எம்பி4 ஆக்கிப் பென் டிரைவில் கொடுத்துவிடுகிறார்கள். விஎச்எஸ் கேசட் என்றால் அப்படித்தான் எடுக்க முடியும். மினி கேசட்டுக்கு இது செய்யக்கூடாத வேலை.

மினி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. 720×576 புள்ளிகள், படத்துக்கு மட்டும் விநாடிக்கு 25 மெகாபிட். மஞ்சள் வயர் இதை அனலாக் சிக்னலாக்கி வெளியே விடுகிறது. அந்தக் கருவி மறுபடி டிஜிட்டலாக்கி நசுக்குகிறது. விளைவைப் புடவையிலேயே பார்க்கலாம்: அரக்குச் சிவப்பு ஓரத்தில் வழியும், ஜரிகைக் கோடுகளில் புள்ளிகள் ஊரும். எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேசட்டில் படத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கும் தகவல் அடியோடு போய்விடும். ஃபயர்வயர் எனப்படும் டிஜிட்டல் இணைப்பு வழியாக எடுத்தால் கேசட்டில் உள்ள எண்கள் அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு வரும். அது மாற்றமே அல்ல, நகல். அன்று கொடுத்த விசிடி இருக்கிறதே என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். விசிடியின் படம் 352×288தான். கேசட்டில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கு.

கேசட்டைக் கேமராவில் போடுவதற்கு முன் அதன் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். ரெக்கார்ட் பட்டனில் விரல் பட்டால்கூட அதன் பிறகு அழியாது. கேமராவைப் பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் போட்டு, 'விசிஆர்' அல்லது 'பிளே' நிலைக்கு மாற்றுங்கள். 'கேமரா' நிலையில் இருந்தால் கம்ப்யூட்டரில் லென்ஸ் முன்னால் இருக்கும் சுவர்தான் தெரியும், டேப் ஓடாது.

அடுத்த குழப்பம் யுஎஸ்பி. டேப் கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி துளை உண்டு. பெரும்பாலானவற்றில் அது மெமரி கார்டில் உள்ள போட்டோக்களை எடுக்கவும், வெப்கேம் தரத்தில் படம் காட்டவும் மட்டுமே. டேப்பில் உள்ளதை முழுத் தரத்தில் தரும் ஃபயர்வயர் துளைக்குக் கேமராவில் பெயர் 'டிவி' (DV) அல்லது 'ஐலிங்க்'. நான்கு பின் கொண்ட சின்னத் துளை. ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று மலிவாக விற்கும் வயரை வாங்கி ஏமாற வேண்டாம். உள்ளே வெறும் கம்பி இணைப்புதான் இருக்கிறது. இரண்டும் பேசும் முறையே வேறு என்பதால் கேமராவைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது.

சரியான வயர் நான்கு பின், ஆறு பின் வயர். இங்கேதான் அதிகக் கேமராக்கள் சாகின்றன. ஆறு பின் முனையின் ஒரு பக்கம் இரு மூலைகளும் சரிந்திருக்கும்; சரியான வாக்கில்தான் நுழைய வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் துளையின் தகட்டு விளிம்பு நெகிழ்ந்து போயிருக்கும். மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி அழுத்தினால் தலைகீழாகவும் போய்விடும். ஆறில் ஒரு பின்னில் மின்சாரம் வருகிறது, கம்ப்யூட்டரில் பொருத்தும் ஃபயர்வயர் கார்டுகள் பெரும்பாலானவற்றில் 12 வோல்ட். தலைகீழாகச் செருகும்போது அது தகவல் செல்லும் கம்பியில் ஏறிக் கேமராவின் டிவி (DV) சிப்பை எரித்துவிடும். அதன் பிறகும் கேமரா நன்றாக ஓடும், திரையில் படம் தெரியும். ஃபயர்வயர் மட்டும் நிரந்தரமாக ஊமையாகிவிடும். ஆகவே இரண்டையும் அணைத்துவிட்டு, கண்ணால் பார்த்து, முதலில் கம்ப்யூட்டர் முனை, பிறகு கேமரா முனை என்று செருகுங்கள். கம்ப்யூட்டர் முழுதாக எழுந்த பிறகு கேமராவைப் போடுங்கள்.

புதிய லேப்டாப்களில் ஃபயர்வயர் இல்லை. டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போடலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், தொல்லை குறைவு. விண்டோஸ் 7 வரை 'லெகசி' என்ற பழைய 1394 (ஃபயர்வயரின் தர எண்) டிரைவர் உள்ளேயே இருந்தது. விண்டோஸ் 8 முதல் அதை எடுத்துவிட்டார்கள். கேமரா தெரிகிறது, ஆனால் கேப்சர் (டேப்பில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் எடுப்பது) தொடங்கவில்லை, அல்லது நடுவில் அறுந்துபோகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மைக்ரோசாஃப்ட் தனியாகத் தரும் லெகசி டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் 1394 கன்ட்ரோலரின் டிரைவரைக் கையால் மாற்ற வேண்டும். ஆப்பிளில் 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. பழைய மேக்கை இந்த வேலைக்காக அப்டேட் செய்யாமல் ஒதுக்கி வையுங்கள். இத்தனை சிரமத்துக்குப் பதில், போர்டிலேயே ஃபயர்வயர் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றை விண்டோஸ் 7-உடன் ஒரு மூலையில் வைத்துக்கொள்வதே நல்லது. கேப்சருக்கு வேகமான கம்ப்யூட்டர் தேவையில்லை.

மென்பொருளுக்கு விண்டிவி (WinDV) போதும். இலவசம், தகவலைத் தொடாமல் ஏவிஐ ஃபைலாக எழுதும். லினக்ஸில் டிவிகிராப் (dvgrab). ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்பட வழியில்லை. அளவு சுமார் 13 ஜிபி. நான்கு கேசட் கல்யாணத்துக்கு 52 ஜிபி. ஒவ்வொரு முறையும் 19, 20 நிமிடத்தில் கேப்சர் நின்றுபோகிறதா? கேமராவைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்க் ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. காலியான டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யுங்கள். 'டிராப்' (தவறிப்போன ஃபிரேம்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், ஹார்ட் டிஸ்க் தூங்கும் அமைப்பை எடுங்கள், விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை விட்டு வேறு டிஸ்க்கில் எழுதுங்கள்.

சோனியின் எச்டிவி (HDV, எச்டி தரப் பதிவு) கேமராவில் எடுத்த கேசட்டா? பார்க்க அதே மினி கேசட்தான். விண்டிவி அதை எடுக்காது. எச்டிவி ஸ்பிளிட் (HDVSplit) என்ற மென்பொருள் வேண்டும். கேமரா மெனுவில் 'ஐலிங்க் கன்வர்ட்' போட்டிருந்தால் எச்டி படம் சாதாரணப் படமாகச் சுருங்கி வரும். அதை அணைத்த பிறகே வயரைச் செருகுங்கள்.

இனி கேசட்டின் கோளாறுகள். பல ஆண்டு ஓடாத கேசட்டை உடனே பிளே செய்யாமல், ஒருமுறை கடைசிவரை முன்னோக்கி ஓட்டி, மறுபடி சுற்றி வந்து தொடங்குங்கள். ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரிந்து இறுக்கம் சீராகும். கண்ணாடி வழியே டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடவே கூடாது. அது டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். ஏசி அறையிலிருந்து வெக்கைக்குக் கொண்டுவந்த கேமராவில் ஈரம் படியும். சோனியில் சி:21 என்று காட்டினால் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விடுங்கள். சி:22 என்றால் ஹெட் அழுக்கு.

படத்தில் கட்டம் கட்டமாகச் சிதறினால் டேப்பா, ஹெட்டா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் சிதறினால் டேப். படம் முழுக்கப் பட்டைபட்டையாக, ஒரு பட்டை ஓடி அடுத்தது உறைந்து நின்றால், சுழலும் டிரம்மில் உள்ள இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்திருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமும் 12 தடங்களாகப் பிரிந்து பதிகிறது. இரு ஹெட்டும் மாறி மாறிப் படிப்பதால் ஒன்று அடைத்தால் பாதித் தடம் போய்விடும். உலர்ந்த கிளீனர் கேசட்டை 10 விநாடி மட்டும் ஓட்டுங்கள். அது தேய்க்கும் பொருள். நிமிடக் கணக்கில் ஓட்டினால் ஹெட்டே போய்விடும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடவே வேண்டாம், நூல் சிக்கி ஹெட் உடையும்.

எல்பி முறையில், அதாவது 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் எடுத்தவை தனி ரகம். சாதாரணத் தடம் 10 மைக்ரான் அகலம். எல்பியில் 7-க்கும் குறைவு. எடுத்த அதே கேமராவில்தான் ஒழுங்காக ஓடும் என்பது பல நேரம் உண்மை. எடுத்த வீடியோகாரரிடம் அந்தக் கேமரா இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

எடிட்டிங்கில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. டிவி (DV) பதிவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஃபீல்டு எனப்படும் இரு பாதிகளாக இருக்கும்; கீழ் ஃபீல்டு முதலில் வரும். புராஜெக்டை மேல் ஃபீல்டுக்கு வைத்தால், மாலை மாற்றும் கை முன்னும் பின்னும் உதறும். முகங்கள் ஒல்லியாகத் தெரிந்தால் பிக்சலின் அகல, உயர விகிதம் தவறு. சதுரப் பிக்சலுக்கு மாற்றும்போது 4:3 படத்தை 768×576 என்றும், 16:9 படத்தை 1024×576 என்றும் கொடுக்க வேண்டும்.

மாற்றித் தரும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். எம்பி4-ஐ வாடிக்கையாளர் போனில் பார்க்கக் கொடுங்கள். கூடவே ஃபயர்வயரில் எடுத்த ஏவிஐ ஃபைலையும் அவர் கொண்டுவரும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள். 1 டிபி டிஸ்க்கில் 75 மணி நேரம் வரை பிடிக்கும். கேசட் கொடுப்பவர்களும் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே "ஃபயர்வயரில் எடுப்பீர்களா, ஏவிஐ தருவீர்களா" என்று கேளுங்கள். இல்லை என்றால் கேசட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டர் ஒருவர்,
திருச்சி