மூன்று கிளிக் கணக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இணையதள வடிவமைப்புக் கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் எந்தப் பக்கத்துக்கும் மூன்று கிளிக்குக்குள் போய்ச் சேர முடிய வேண்டும் என்று அதில் அடித்துச் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. இந்தத் துறையில் வெகுகாலமாக உலவும் நம்பிக்கை அது. 2003இல் ஜோஷுவா போர்ட்டர் என்பவர் ஆட்களை வைத்துச் சோதித்து அதைப் பற்றி எழுதினார். மூன்றாவது கிளிக்கோடு யாரும் தளத்தை விட்டு ஓடிவிடவில்லை. கிளிக் கூடக்கூட அதிருப்தி கூடியதாகவும் தெரியவில்லை.

அடுத்து எதை அழுத்துவது என்று பளிச்சென்று தெரிந்தால் ஆறு கிளிக் கூட அலுக்காது. தெரியாமல் முழித்தால் முதல் கிளிக்கே பாரம். ஸெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990களில் இதை 'தகவல் வாசனை' என்று விளக்கினார்கள். மோப்பம் பிடித்து இரையைத் தேடும் விலங்கைப் போல, தேடிவந்த விஷயத்தின் சாயல் லிங்க்கில் தெரிகிறவரை மனிதர் தொடர்ந்து போவார். அது அறுந்த இடத்தில் திரும்பிவிடுவார்.

மூன்று கிளிக்கைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் முகப்பிலேயே கொட்ட வேண்டிவரும். எண்பது லிங்க் உள்ள முகப்பில் எல்லாமே ஒரு கிளிக் தூரம்தான், எதுவும் கண்ணில் படாது.

உண்மையான சிக்கல் மெனுவில் வைக்கும் பெயர்களில் இருக்கிறது. பல தளங்களின் மெனு, அந்த நிறுவனத்தின் துறைப் பட்டியலாகவே இருக்கும். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வந்தவருக்கு அது கணக்குப் பிரிவா, வாடிக்கையாளர் பிரிவா என்று எப்படித் தெரியும்? அப்புறம் 'சேவைகள்', 'தீர்வுகள்', 'வளங்கள்' என்று மூன்று தலைப்புகள். எதை வேண்டுமானாலும் எதற்குள்ளும் போடலாம், போட்டும் வைக்கிறார்கள். இதற்கு எளிய வழி உண்டு. ஒவ்வொரு பக்கமும் எதைப் பற்றியது என்று ஒரு அட்டையில் எழுதி, தளத்தைப் பயன்படுத்தும் சிலரிடம் கொடுத்து, சேர்ந்து இருக்க வேண்டியவற்றை அடுக்கச் சொல்லலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் அவர்களே பெயரும் வைக்கட்டும். நிர்வாகக் கூட்டத்தில் பேசிப் பேசி முடிவாகாத மெனு, பாதி இதிலேயே முடிவாகிவிடும்.

இன்னொன்று. பலர் தேடுபொறி வழியாக நேராக உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள், முகப்பைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தின் மேலே 'முகப்பு › கட்டணம் › திரும்பப் பெறுதல்' என்று ஒரு வரி இருந்தால் எங்கே நிற்கிறோம் என்பது புரிந்துவிடும்.

'இங்கே கிளிக் செய்க' என்பதையும் ஒழிக்க வேண்டும். பார்வையற்றோர் பலர், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளில் லிங்க்குகளை மட்டும் பட்டியலாகக் கேட்பதுண்டு. வரிசையாக 'இங்கே, இங்கே' என்று வந்தால் எதைத் திறப்பது? மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் கொண்டுவந்த அணுகல் வழிகாட்டியிலேயே, லிங்க் எங்கே கொண்டுபோகும் என்பது அதன் சொற்களிலோ அதை ஒட்டிய வரியிலோ தெரிய வேண்டும் என்று இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. மெனு கைவிட்டால் தேடல் பெட்டி, இல்லாவிட்டால் பக்கங்களை எல்லாம் பட்டியலிடும் தள வரைபடம்.

தேடல் பெட்டியைப் பற்றி அடுத்த இதழில் எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். சரி, அப்போது ஒன்றை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்: மக்கள் அந்தப் பெட்டியில் தட்டிய சொற்களின் பதிவை மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். மெனுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்